யார் முதலில் விலை சொல்வது

அவன் இன்னும் சொல்லவில்லை. நானும் சொல்லப்போவதில்லை. வந்ததிலிருந்து வண்டியைச் சுற்றிச் சுற்றி வருகிறான், குனிகிறான், நிமிர்கிறான், செல்போனில் படம் எடுக்கிறான், விலை மட்டும் வாயில் வரவில்லை. வராமல் எங்கே போகும். கோரிக்கைப் பட்டியலில் எழுதுவதெல்லாம் எண்ணே அல்ல, அது ஆசை. எதற்கு இறங்கி வருவோம் என்கிற எண்தான் எண், அதை முதலில் வாய்விட்டுச் சொல்கிறவன் தோற்றான் என்று சங்கச் செயலாளராக எத்தனை மில் வாயிற்கூட்டத்தில் பேசியிருப்பேன். அதை ஒரு பிரசுரமாகவே எழுதி அச்சடித்து, சிங்காநல்லூரிலிருந்து பீளமேடு வரைக்கும் மில் மில்லாக என் கையால் கொடுத்திருக்கிறேன். இந்தப் பையன் அதைப் படித்திருக்க வழியில்லை. அப்போது பிறந்தே இருக்க மாட்டான். ஆனாலும் எங்கேயோ அதே பாடத்தை நல்ல சம்பளத்துக்குப் படித்துவிட்டு வந்திருக்கிறான். ஸ்ரீவத்சன் என்று பெயர் சொன்னான். எங்கள் மில் நின்ற இடத்தில் ஒரு பெரிய ஓட்டல் எழும்புகிறதே, அதற்கு உள் அலங்காரம் செய்கிற கம்பெனியின் ஆள். சட்டையில் ஒரு மடிப்புக்கூட இல்லை. இந்த ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகைக்குள் எனக்கு முதுகெல்லாம் நனைந்துவிட்டது, அவனுக்கு நெற்றி மட்டும் லேசாக மினுங்குகிறது. மூலையில் பெஞ்சின் மேல் சரசாத்தாள் உட்கார்ந்திருக்கிறாள், கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறவள் மாதிரி. அவள் பேசக் கூடாது. வரும்போதே சொல்லிவிட்டேன், அம்மிணி, நீ வாயைத் திறக்காதே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று. சரிங்கண்ணா என்றாள். சரி என்று அவள் சொல்வதில் எப்போதும் ஏதோ ஒன்று பாக்கி நிற்கும், அவள் புருஷன் வெள்ளியங்கிரியிடமும் அது இருந்தது.

இப்போது சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் காந்தத்தை எடுக்கிறான். தெரியும், தெரியும். மட்கார்டின் மேல் அதை வைத்துப் பார்ப்பான், ஒட்டாத இடத்தில் தகரம் இல்லை, பட்டி வைத்துப் பூசியிருக்கிறது என்று பிடித்துக்கொள்வான், அங்கிருந்து விலையை இறக்குவான். வைத்துப் பார். டக் என்று ஒட்டியது. நகர்த்தி வைத்தான், டக். பானெட்டின் மேல் டக், கதவில் டக், பின்பக்கம் அந்த வளைவு உள்வாங்கித் திரும்புகிற இடத்தில், எந்தப் பட்டறைக்காரனும் பட்டி வைத்துத் தப்பித்துக்கொள்கிற இடத்தில், அங்கேயும் டக். அவன் புருவம் கொஞ்சம் ஏறி இறங்கியது. "பட்டியே இல்லீங்களா சார்?" என்றான். "கை வச்சுப் பாருங்க தம்பி" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அந்த வளைவுக்காக மணல் மூட்டையின் மேல் தகரத்தை வைத்து மரச்சுத்தியால் எங்கள் மில் டிங்கர் குப்பணன் ஒரு மாதம் தட்டினான், இரண்டு தடவை தூக்கி எறிந்துவிட்டு மறுபடி தட்டினான், அந்தச் சத்தத்தில் அடுத்த வீட்டுக் குழந்தை தூங்கவில்லை என்று சண்டை வந்தது, இதையெல்லாம் இவனிடம் சொல்லக் கூடாது. சொன்னால் ஆசை தெரிந்துவிடும். நிர்வாகத்தின் முன்னால் ஆசையைக் காட்டக் கூடாது. ஆனால் இவன் நிர்வாகமா? நான் விற்கிறேன், இவன் வாங்குகிறான். கூலிக்கு விலை பேசும்போதும் நாங்கள்தான் விற்றோம், அவர்கள்தான் வாங்கினார்கள். அப்படிப் பார்த்தால் ஒன்றும் மாறவில்லை. அன்றைக்கு உழைப்பை விற்றோம், இன்றைக்கு உழைப்பு தகரமாகி, சிவப்புப் பெயின்ட் அடித்து நிற்கிறது, அதை விற்கிறோம்.

எரிக்கத்தான் செய்யச் சொன்னேன். அதை யாரும் ஞாபகம் வைத்திருப்பதில்லை. கதவடைப்பு இரண்டாவது வருஷத்துக்குள் நுழைந்த சமயம். ஆட்கள் ஒவ்வொருத்தராகத் திருப்பூருக்குப் பனியன் கம்பெனிக்கு நழுவிக்கொண்டிருந்தார்கள், போராட்டப் பந்தலில் உட்கார ஆளில்லை, ஏதாவது செய்தாக வேண்டும். சின்ன முதலாளியிடம் ஒரு சிவப்புச் சீமை வண்டி இருந்தது, கூரை இல்லாதது, இரண்டு பேர் மட்டும் உட்காரலாம், பந்தயத்தில் ஓட்டுகிற ரகம். மில்லை மூடிவிட்டு அந்த வண்டியில் அவர் அவினாசி ரோட்டில் போவதைப் பார்த்தால் பெண்கள் மண்ணை வாரித் தூற்றுவார்கள். அதே மாதிரி ஒன்று மூங்கிலில் கட்டுங்கள், மேலே சிவப்புக் காகிதம் ஒட்டுங்கள், ஊர்வலமாகக் கொண்டுபோய் மில் கேட்டுக்கு முன்னால் கொளுத்துவோம் என்றேன். முதலாளியின் ஆடம்பரம் எரியும் நாள் என்று பிரசுரமும் தயார். நல்ல யோசனைதான், இப்போதும் சொல்கிறேன். ஆனால் யாரிடம் சொன்னேன் என்பதுதான். ஃபிட்டர் வெள்ளியங்கிரியிடமும் டிங்கர் குப்பணனிடமும் இன்னும் ஏழு பேரிடமும் சொன்னேன். அவர்கள் கையில் ஒரு வருஷத்துக்கு மேலாக ஒரு ஸ்பானர்கூட இல்லை. மூங்கிலை வளைத்துப் பார்த்துவிட்டு வெள்ளியங்கிரி வந்தான். "மூங்கில்ல கட்டுனா கோணிக்குதுங்கண்ணா, அந்த வண்டி மாதிரியே இருக்காது" என்றான். "எரிக்கப்போற வண்டி எப்படி இருந்தா என்ன?" என்றேன். "அப்பவும் ஜனம் பாத்துச் சிரிக்கக் கூடாதுல்லீங்க." சரி, ஒரு இரும்புச் சட்டம் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அந்த ஒரு வார்த்தைதான். சட்டம் வந்தது, சட்டம் நிற்க அச்சு வந்தது, பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு அம்பாசடரின் பின்னச்சை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள், அச்சு இருந்தால் சக்கரம், சக்கரம் இருந்தால் தள்ளுவதற்குப் பதில் ஓட்டலாமே என்று எவனோ சொல்ல ஒரு பியட் இன்ஜின் வந்து சேர்ந்தது. முதலாளியின் வண்டி ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் நின்றபோது டிரைவரிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வெள்ளியங்கிரி அதை நூல் பிடித்து அளந்து, நூலில் முடிச்சுப் போட்டுக்கொண்டு வந்தான். போராட்டத்துக்கு வராதவன்கூட வண்டி வேலைக்கு வந்தான். பந்தல் காலியாக இருந்தது, கொட்டகை நிறைந்திருந்தது. நான் ஒரு தலைவன், கண்ணுக்கு முன்னால் என் போராட்டம் ஒரு பட்டறையாக மாறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சார், ஸ்டார்ட் ஆகுங்களா?" என்கிறான். ஆகும் என்றேன். சாவியைத் திருப்பினேன், முதலில் இருமியது, இந்த நேரத்தில் மானத்தை வாங்கிவிடாதே என்று மனசுக்குள் கெஞ்சினேன், யாரிடம் கெஞ்சினேன் என்று தெரியவில்லை, கடவுள் இல்லை என்று மேடை மேடையாகப் பேசினவன். இரண்டாவது திருப்பலில் பிடித்துக்கொண்டது. கொட்டகை முழுக்க அதிர்ந்தது. சரசாத்தாள் கைப்பையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். இந்தச் சத்தத்துடன்தான் அன்றைக்கு ஊர்வலம் போனோம். கேட்டுக்கு முன்னால் நிறுத்தினார்கள், நான் மண்ணெண்ணெய் டின்னைக் கையில் வைத்திருந்தேன், பேசி முடித்துவிட்டு டின்னை நீட்டினேன், யாரும் வாங்கவில்லை. ஒன்பது பேரும் வண்டியைச் சுற்றி நின்றார்கள். யாரும் எதிர்த்துப் பேசவில்லை, யாரும் முறைக்கவில்லை, டின்னை வாங்காமல் நின்றார்கள், அவ்வளவுதான். அந்த மில்லில் அதுவரை நடந்த எல்லா வேலைநிறுத்தத்தையும் நடத்தினவன் நான். அது ஒன்றை மட்டும் எனக்கு எதிராக நடத்தினார்கள். பிறகு யாரோ என்னைத் தூக்கி வண்டியில் உட்கார வைத்து, கழுத்தில் மாலை போட்டு, மில்லைச் சுற்றி ஓட்டினார்கள். ஜனம் விசிலடித்தது. மாடி ஜன்னலில் சின்ன முதலாளி நின்று பார்த்தார், அவர் முகத்தில் கோபம் இல்லை, வண்டியைத்தான் பார்த்தார், மட்கார்டின் வளைவைப் பார்த்தார், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. இன்ஜினை அணைத்தேன். காதுக்குள் அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

"சவுண்டு சூப்பருங்க" என்று சொல்லிவிட்டு அவன் கைகட்டி நின்றான். "சரி சார். நீங்களே ஒரு ரேட் சொல்லுங்க." வந்துவிட்டான் வழிக்கு. "நீங்கதான் வாங்க வந்தவங்க, நீங்க சொல்லுங்க" என்றேன். "பொருள் உங்களுதுங்களே." "பணம் உங்களுதுங்களே." சிரித்தான். நான் சிரிக்கவில்லை. கூரை வெயிலில் பட்பட்டென்று வெடிக்கிறது. ஒன்பது லட்சம் என்று மனசில் வைத்திருக்கிறேன், ஆளுக்கு ஒன்று என்று. ஏன் ஒன்பது, எந்த நியாயத்தில் ஒன்பது என்று கேட்டால் பதில் வேண்டும், பதில் இல்லாத எண்ணை மேசையில் வைக்கக் கூடாது. ராத்திரியெல்லாம் யோசித்தேன். ஒரு பொருளின் மதிப்பு அதில் செலவான உழைப்பு நேரம். பத்தொன்பது வயதில் ஒரு ரூபாய்ப் பிரசுரத்தில் அதைப் படித்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை, உலகம் முழுக்க யாரோ திரையை விலக்கிவிட்ட மாதிரி இருந்தது. காலேஜ் படித்த தலைவர்கள் பிற்பாடு அதையெல்லாம் மறந்துவிட்டுக் கமிட்டிகளில் போய் உட்கார்ந்துகொண்டார்கள், நான் மறக்கவில்லை. ஆகவே உழைப்பு நேரம். அன்றைய கூலியில் போட்டால் ஒரு நல்ல ஸ்கூட்டர்கூட வராது. இன்றைய கூலியில் போட்டால் அந்த ஓட்டலில் ஒரு மாடியே கேட்கலாம். எந்தக் கூலி? அதுகூடப் பரவாயில்லை, அதற்கு மேல் ஒரு வரி இருக்கிறதே, அங்கேதான் ராத்திரி முழுக்கச் சிக்கிக்கொண்டு கிடந்தேன். எந்த உழைப்பும் அல்ல, சமுதாயத்துக்குத் தேவையான உழைப்பு நேரம் மட்டுமே மதிப்பு. யாருக்கும் தேவையில்லாததை எவ்வளவு நேரம் செய்தாலும் அது மதிப்பில் சேராது. இந்த வண்டி யாருக்குத் தேவைப்பட்டது? எரிப்பதற்கு ஒரு மூங்கில் வண்டி போதும், அரை நாள் வேலை. அப்படியென்றால் மீதி அத்தனை மாதமும், குப்பணன் தட்டியதும், வெள்ளியங்கிரி முடிச்சுப் போட்ட நூலும், நான் நம்பிய அந்தப் பிரசுரத்தின்படியே பூஜ்யம். இல்லை, அது அப்படி இல்லை, அதில் எங்கேயோ ஒரு பிழை இருக்கிறது, எழுதினவனுக்கு இப்படி ஒன்பது பேரைத் தெரிந்திருக்காது.

சரசாத்தாள் என்னைப் பார்க்கிறாள். அவளைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. போன ஞாயிற்றுக்கிழமை ஒன்பது குடும்பத்தின் சார்பிலும் இங்கே கூடினோம். உயிரோடு இருக்கிறவர்கள் மூன்று பேர், மற்றது மனைவிகளும் பிள்ளைகளும். சங்கக் கட்டடம் மேம்பாலத்துக்குப் போகிறது, கொட்டகையைக் காலி செய்தாக வேண்டும், வண்டியை என்ன செய்வது. தீர்மானத்தைச் சரசாத்தாள்தான் சொன்னாள். கிடைச்ச விலைக்குக் குடுத்துருங்கண்ணா. எல்லோரும் தலையாட்டினார்கள். கிடைத்த விலைக்கு. அந்த வார்த்தையைக் கேட்க நான் இத்தனை வருஷம் உயிரோடு இருந்திருக்க வேண்டாம். அவளுக்கு ஒரு பெரிய கிரைண்டர் வாங்க வேண்டும், வாடகைக் கிரைண்டரில் மாவாட்டி விற்றால் வாடகைக்கே போய்விடுகிறதாம். நியாயம்தான். ஆனால் கிடைத்த விலைக்குக் கொடுப்பதற்கு ஒரு செயலாளர் எதற்கு? அதைத்தான் அன்றைக்கும் செய்யச் சொன்னார்கள், வண்டி ஊர்வலம் முடிந்த மூன்றாம் மாதம், நிர்வாகம் இறங்கி வந்தது, ஆளுக்கு இவ்வளவு என்று ஒரு எண்ணைச் சொன்னது, ஒப்பந்தத்தைத் தட்டச்சு செய்து என் முன்னால் வைத்தது. நாங்கள் கேட்டதில் பாதிக்குக் கொஞ்சம் மேல். வக்கீல் பேனாவின் மூடியைக் கழற்றியே கொடுத்தார், அந்த அவசரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, இன்னும் கொஞ்சம் பிடித்தால் இன்னும் இறங்குவார்கள் என்று. இறங்கியிருப்பார்கள். கட்டாயம் இறங்கியிருப்பார்கள். பஞ்சு விலை அப்படி ஏறாமல் இருந்திருந்தால், பாங்கி அப்படிக் கைவிரிக்காமல் இருந்திருந்தால். நான் கையெழுத்துப் போடவில்லை. அதற்குப் பிறகு எண் சொல்ல அந்தப் பக்கம் யாரும் இல்லை, மில்லே இல்லை, கோர்ட்டு மட்டும் இருந்தது, ஒருத்தருக்கும் ஒரு காசு வரவில்லை. ஒரு தடவைகூடக் கேட்டதற்குக் கீழே கையெழுத்துப் போடாதவன் என்று என்னைச் சொல்வார்கள், கோவை ஜில்லாவில் அப்படி ஒருத்தன் பெயர் சொல்லுங்கள் பார்க்கலாம். அதையே இன்னொரு மாதிரியும் சொல்கிறார்கள், எனக்குத் தெரியும், டீக்கடையில் நான் போய் உட்கார்ந்தால் பேச்சு நின்றுவிடுகிறது.

வெள்ளியங்கிரி ஒரே ஒரு தடவை கேட்டான். அந்த ஒப்பந்தம் வந்த வாரம்தான். இதே கொட்டகையில், இந்த வண்டிக்குக் கீழே படுத்திருந்தான், கால் இரண்டும் மட்டும் வெளியே தெரிந்தது. உள்ளே இருந்துகொண்டே, "போட்டுருங்கண்ணா" என்றான். எதை என்று நான் கேட்கவில்லை. "பாதிக்கா?" என்றேன். உள்ளே ஸ்பானர் திருப்புகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. "செரிங்க" என்றான். அதற்குப் பிறகு தினமும் வந்தான், வண்டியைத் துடைத்தான், நான் கோர்ட்டு விவரம் சொன்னால் செரிங்க என்று கேட்டுக்கொண்டான், இருமினான், பஞ்சு மில்லில் உழைத்த நெஞ்சு எப்படி இருக்கும், கடைசியில் துடைக்கவும் வரவில்லை, அந்த இருமலே அவனைக் கொண்டுபோய்விட்டது. முகத்தைக் காட்டிக்கொண்டு கேட்டிருந்தால் நான் பேசியே சமாளித்திருப்பேன். அந்தக் கால்களிடம் எனக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை.

"சார், ஓப்பனாவே பேசிருவமே" என்கிறான் ஸ்ரீவத்சன். "இது ரெப்ளிகா. ஒரிஜினலா இருந்தா அது வேற லெவல். ஆர்.சி. புக்கும் இல்ல. ரோட்ல ஓட்டவும் முடியாது." "ஓடுனதக் கேட்டீங்களே" என்றேன். "எங்களுக்கு ஓட வேண்டியதில்லீங்க சார். லாபில நிக்கப்போற பீஸ். இன்ஜின், டேங்க் எல்லாம் கழட்டிருவோம். பெட்ரோல் வாசம் இருந்தா ஃபயர்காரங்க அனுமதி குடுக்க மாட்டாங்க. ஷெல் மட்டும் போதும். அதனால அந்த ரேட்டுதான் பேச முடியும்." ஷெல். கூடு. எனக்கு நெற்றிப்பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. உயிரோடு ஓடுகிறதை வாங்கி, அறுத்து, குடலை எடுத்துவிட்டு நிற்க வைப்பார்கள், கல்யாணத்துக்கு வருகிறவர்கள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள், பழைய முதலாளி குடும்பத்தின் வண்டி மாதிரி என்று ஒரு அட்டையும் இருக்கும். கொடுக்க மாட்டோம். நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. கொடுக்க மாட்டோம், போகலாம் நீங்கள். எவ்வளவு இதமான வார்த்தை அது, வாழ்க்கை முழுக்கச் சொன்ன வார்த்தை, சொன்ன மறுகணம் நெஞ்சு எப்படி நிமிரும் என்று எனக்குத் தெரியும், பின்னால் கைதட்டு எப்படி எழும் என்றும் தெரியும். ஆனால் பின்னால் இருப்பது பெஞ்சும் சரசாத்தாளும்தான். இப்போது திரும்பிப் பார்த்துவிட்டேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கொதிக்கிற பாலைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது, நான் சொல்லப்போகிறேன் என்று. எத்தனை நாளாக இதற்காகப் பயந்துகொண்டிருந்தாளோ. வாயை மூடினேன். மூடினால் உள்ளே அது நிற்கமாட்டேன் என்கிறது. வேறு வழி தெரியவில்லை, திரும்பி வெளியே நடந்துவிட்டேன்.

வெளிநடப்பு. அதுவும் எனக்குப் பழக்கம்தான். ஆனால் வெளிநடப்பு செய்கிறவன் கதவை அறைந்து சாத்த வேண்டும், உள்ளே இருக்கிறவர்கள் பயப்பட வேண்டும். நான் தகரக் கதவை மெதுவாகச் சாத்தினேன், சத்தம் வரக் கூடாது என்பது போல. வெயில் கண்ணைக் குத்துகிறது. சுவரோரம் ஒரு கையகல நிழலில் நின்றுகொண்டேன். தெருமுனைக்கு அந்தப் பக்கம் ஓட்டலின் கிரேன் தெரிகிறது, வானத்தில் ஒரு மஞ்சள் கை, அது நிற்கிற இடத்தில்தான் எங்கள் ஸ்பின்னிங் செக்‌ஷன். உள்ளே பேச்சுக் குரல் கேட்கிறது. வார்த்தை பிடிபடவில்லை. அவன் குரல், பிறகு அவள் குரல், அவள் குரல் நீளமாக. என்ன சொல்கிறாள்? ஒரு லட்சம் என்பாள். ஒரு கிரைண்டர் விலையைச் சொல்லிவிட்டு நன்றியும் சொல்லுவாள், ஏமாந்துவிடுவாள், உள்ளே போய்த் தடுக்க வேண்டும், ஒரு செயலாளர் இருக்கும்போது உறுப்பினரை நிர்வாகத்தோடு தனியாக விடுவதா, முதல் பிரசுரத்தின் முதல் விதி அது. கால் நகரவில்லை. அவள் ஏமாந்துவிடுவாளோ என்று பயமாக இருக்கிறதா? ஆமாம். அதைவிட வேறொரு பயமும் இருக்கிறது, அவள் ஏமாறாமல் இருந்துவிட்டால் என்கிற பயம், இதை நான் யாரிடமும் சொல்லப்போவதில்லை. அவன் சிரிக்கிறான். அவளும் சிரிக்கிறாளா? பேச்சுவார்த்தையில் சிரிப்பா. என் காலத்தில் அந்த மேசையில் ஒருத்தரும் சிரித்ததில்லை, அது எங்களுக்குக் கௌரவமாக இருந்தது. வாய் வறண்டுவிட்டது. பக்கத்துக் கடையில் ஒரு சோடா குடிக்கலாம், அதற்குள் ஏதாவது நடந்துவிட்டால். நடக்கட்டும் என்றுதானே வெளியே வந்தாய். வந்தேனா? துரத்தினார்களா? தானாகத்தான் வந்தேன். ஒன்றும் சொல்லாமல் வந்ததால் ஒன்றும் விட்டுக்கொடுக்கவில்லை. இல்லையா? நான் சரி என்று சொல்லவில்லை, நாளைக்கு யாராவது கேட்டால் அப்படித்தான் சொல்லுவேன், செயலாளர் ஆறுக்குட்டி சரி என்று சொல்லவில்லை.

கதவு திறந்தது. சரசாத்தாள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "முடிஞ்சுதுங்கண்ணா" என்றாள். அவளே சொன்னாள். "மூணே கால் லட்சம். நான் மொதல்ல அஞ்சுன்னு சொன்னனுங்க. அவுரு ரெண்டுன்னாரு. அப்பறம் ரெண்டு பேருமே சிரிச்சுப்போட்டோம்." "நீயா மொதல்ல சொன்னே?" "யாராச்சும் சொன்னாத்தானுங்க ஆவும்." ஒன்பதில் மூன்றே கால். கேட்டதில் பாதிகூட இல்லை, ஆனால் கேட்டது யார், ஒன்பது என்று யாரிடமும் நான் கேட்கவே இல்லையே. இரண்டுக்கு மேல் அவன் தரமாட்டான் என்று கொட்டகைக்கு வெளியே யாரை விசாரித்தாலும் சொல்லியிருப்பார்கள். அவள் ஒன்றேகால் ஏற்றியிருக்கிறாள், மாவு விற்கிறவள், காலையில் தெருவில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் விலை பேசுகிறவள். "அப்ப சரி. கொண்டுபோகச் சொல்லு" என்றேன். அவள் நகரவில்லை. "வண்டி சங்கத்துச் சொத்தாமுங்க. செயலாளரு கையெழுத்து இல்லாம அவுருக்கு ஆபீஸ்ல பணம் குடுக்க மாட்டாங்களாம்." நான் வெயிலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "நீங்க போடோணுங்கண்ணா" என்றாள்.

உள்ளே பானெட்டின் மேல் காகிதத்தை விரித்து வைத்திருந்தான் ஸ்ரீவத்சன். எண் மட்டும் கையால் எழுதியிருந்தது, மற்றதெல்லாம் அச்சு. நான் படித்தேன். எதையும் படிக்காமல் நான் தொட்டதில்லை. பொருள் விவரம் என்ற இடத்தில் அலங்காரப் பொருள், ஒன்று என்று போட்டிருந்தது. "இது அலங்காரப் பொருளா?" என்றேன். "கார்னு போட்டா ஆர்.சி. கேப்பாங்க சார். மறுபடி மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். இதோ இருக்கிறது காரணம். கையில் கிடைத்துவிட்டது, மறுக்க முடியாத, மானமுள்ள, எந்த மேடையிலும் சொல்லக்கூடிய ஒரு காரணம். ஓடுகிற வண்டியை ஓடாத பொருள் என்று எழுதியதால் கையெழுத்திட மறுத்தேன். ஒன்பது தொழிலாளர்களின் உழைப்பை அலங்காரம் என்று சொன்ன காகிதத்தில் என் பெயர் இருக்காது. எவ்வளவு நன்றாக இருக்கிறது. அச்சில் போட்டால் தலைப்பே தயாராக இருக்கிறது. சரசாத்தாள் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள், அவள் மூச்சு கேட்டது, அவள் காகிதத்தைப் பார்க்கவில்லை, அவளுக்கு என்ன எழுதியிருந்தாலும் ஒன்றுதான். நான் மாட்டேன் என்று சொன்னால் அவள் செரிங்க என்று சொல்லுவாள். அந்தச் செரிங்கவை இன்னொரு தடவை கேட்க எனக்குத் தெம்பில்லை. ஸ்ரீவத்சன் பேனாவை நீட்டினான். வாங்கினேன். எஸ். ஆறுக்குட்டி, செயலாளர். பேனா தடுக்கவில்லை, தாள் கிழியவில்லை, வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்து முடிப்பதற்குள் எழுதி முடிந்துவிட்டது. பேனாவை எடுத்த பிறகும் இன்னும் ஏதோ பாக்கியிருக்கிற மாதிரி கை அங்கேயே நின்றது. ஒன்றும் பாக்கியில்லை. அவன் காகிதத்தை உருவி, மடித்து, பைக்குள் வைத்துக்கொண்டு லாரிக்குப் போன் போடப் போய்விட்டான். சரசாத்தாள் அவன் காகிதம் வைத்த பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் நான் பதில் வைத்திருந்தேன், எத்தனையோ வருஷமாகத் தயாராக வைத்திருக்கிறேன். ஒரு கடையில் சாமானின் விலையைக் கேட்டுத் தெரிந்துகொள்கிற மாதிரி மெதுவாகக் கேட்டாள்.

"ஒரு கையெழுத்துன்னா இவ்வளவுதானுங்களாண்ணா?"